பல்பு அலமாரியில் வைத்த உப்பு

எங்கள் துறையின் முன்னாள் தலைவர் உங்கள் முன்னால் மேடையில் நின்று பொய் சொன்னார்.

ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு வரவேற்பு வைத்தார்களே, அன்றைக்கு. அவர் சிறப்பு விருந்தினர். ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. ஆராய்ச்சியில் நேர்மை என்ற தலைப்பில் பேசினார். நடுவில் உங்களைச் சிரிக்க வைக்க ஒரு கதை சொன்னார்.

"எங்கிட்டயும் ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. கீழ் கோத்தகிரிப் பக்கம், எஸ்டேட் லைன்ல இருந்து வந்த புள்ள. பழக்கம் போகுமுங்களா? பிடிக்காத பீக்கை எல்லாம் கொழுந்து கிள்ளற மாதிரி கிள்ளிப் போட்டுட்டா!"

அரங்கம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. விருந்தாளி சிரிக்கச் சொன்னால் சிரிப்பதுதான் வழக்கம். நான் எழுந்து நின்று, "சார், ஒரு நிமிஷம்" என்றேன். உடனே மைக்கில் தேநீர் இடைவேளை என்று அறிவித்துவிட்டார்கள். போண்டா ஆறிவிடுமாம்.

அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்குப் பேச விட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இந்த ஊட்டி ஆய்வகத்தில் எக்ஸ்ரே கருவியின் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உப்பு பெரிய படிகமாக வளர்ந்தால் அதன் கட்டமைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. வளராத உப்பைப் பொடியாகத்தான் பார்க்க வேண்டும். பொடியின் மேல் எக்ஸ்ரே பட்டால் சில கோணங்களில் மட்டும் பலமாகத் தெறிக்கும். ஒவ்வொரு தெறிப்பும் திரையில் ஒரு கூம்பாக எழும். அதைத்தான் பீக் என்கிறோம். பீக்குகளின் இடத்தையும் உயரத்தையும் வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று சொல்கிறோம். உங்களுக்கு இது தெரியும். அந்தப் பெண்ணின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதினேன்.

பாடத்தில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் கருவியைப் பார்த்துக்கொண்டவர் அதிகம் பேசாத மனிதர். அவர் காலத்தில் ஒரு தோட்டத்து மேனேஜர் உர மூட்டையிலிருந்து பொடி எடுத்துக்கொண்டு ஜீப்பில் வந்தார். கலப்படம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். உரம் விற்ற வியாபாரியையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் ஜீப்பின் பின் சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓட்டிப் பார்த்தோம். ஒரே ஒரு பீக் மலை மாதிரி எழுந்தது. மற்றவை தரையோடு தரை. மூட்டையில் எழுதியிருந்த உப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு வேலை புதிது. "கலப்படம்தாங்க சார், சந்தேகமே இல்ல" என்றேன்.

அவர் மேனேஜரிடம் போய், "இன்னைக்குத் தெரியாதுங்க" என்றார்.

"என்னங்க தெரியாது? படத்துலயே தெரியுதே! இத்தனை பெரிய மெஷினை வெச்சுக்கிட்டுத் தெரியாதுங்கிறீங்க?"

"ஆமாங்க. தெரியாது."

மேனேஜர் மேலிடத்துக்கு போன் போட்டார். மேலிடம் எங்களுக்கு போன் போட்டது. அவர் அதே பதிலைத்தான் சொன்னார். பிறகு பொடியை வழித்தெடுத்து, அழுத்தாமல், பக்கவாட்டிலிருந்து நிரப்பி மறுபடி ஓட்டினார். அது தகடு தகடாக இருக்கும் உப்பு. மேலே இருந்து அழுத்தினால் சீட்டுக்கட்டு மாதிரி எல்லாத் தகடும் ஒரே பக்கம் படுத்துக்கொள்ளும். ஒரு பீக் மட்டும் கத்தும், மற்றவை வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது முறை எல்லா பீக்கும் அதனதன் உயரத்தில் வந்தது. சுத்தமான உரம். வியாபாரி ஜீப்பை விட்டு இறங்கி, சேரிங் கிராஸ் பக்கம் நடந்தே போய்விட்டார்.

கருவியைப் பார்த்துக்கொண்டவர் அன்று என்னிடம் இரண்டே விஷயம் சொன்னார். "தப்பாச் சொல்றதுக்கு ஊர்ல ஆளா இல்ல? தெரியலைன்னு சொல்றதுக்குத்தான் நம்மளை வெச்சிருக்காங்க." அப்புறம் இன்னொன்று. "எல்லா பீக்குக்கும் ஒரு ஊடு வாசல் இருக்குமுங்க. எந்த ஊட்டுதுன்னு தெரியாம வெளிய துரத்தக் கூடாது."

இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேடைக் கதையில் வந்த அந்தப் பெண், கலைவாணி, எங்களிடம் வந்தது அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு. துறைத் தலைவர்தான் அவளுக்கு வழிகாட்டி. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவர். இலங்கையிலிருந்து வந்து கீழ் கோத்தகிரிப் பக்கம் குடியமர்ந்த குடும்பம். மெலிந்த பெண், ஆனால் வாய் மெலிந்ததில்லை. லித்தியமும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு இரட்டை சல்பேட் உப்பைச் செய்தாள். நீர் மூலக்கூறுகளை உள்ளே பிடித்து வைத்திருக்கும் உப்பு. அதுவரை யாரும் அதன் கட்டமைப்பைச் சொல்லியிருக்கவில்லை. படிகமாக வளர மறுத்தது. பொடிதான் வந்தது.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உங்களில் மலைக்குப் புதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனி, ஆடி மாதங்களில் மஞ்சு, அதாவது மூடுபனி, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோல் செருப்பு பச்சை பூக்கும். அதனால் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரிய விட்டு, கல்யாணப் புடவை, சர்டிபிகேட், கேமரா எல்லாவற்றையும் அதற்குள் வைப்போம். குன்னூரில் என் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான். ஆய்வகத்திலும் ஒரு பல்பு அலமாரி இருந்தது. லென்ஸுகளுக்காக வைத்தது. கலைவாணி அதற்கு அடைகாக்கும் பெட்டி என்று பெயர் வைத்திருந்தாள். "மேடம், கொஞ்ச நாள் விட்டா லென்ஸ் குஞ்சு பொரிக்கும்" என்பாள்.

தலைவர் ஒரு நாள் எல்லா மாதிரிகளையும் அதற்குள் வைக்க உத்தரவு போட்டார். அவருக்குப் பூஞ்சை என்றால் பயம். கோயம்புத்தூர்க்காரர். ஊட்டியின் ஈரத்தை ஒரு வியாதி மாதிரி பார்த்தார். கலைவாணியின் உப்பும், லேசாக மூடிய குப்பியில், அந்த வெதுவெதுப்பில் போய் உட்கார்ந்தது.

அதைத்தான் ஓட்டினோம். பீக்குகள் வந்தன. அவை எல்லாவற்றையும் விளக்கும்படி ஒரு செல்லைத் தேட வேண்டும், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் வந்துவிடும் ஒரு குட்டிப் பெட்டியை. கணினி ஒரு பெரிய செல்லைக் கொடுத்தது. பெரிய செல்லை எப்போதும் சந்தேகப்படுங்கள். அதன் வாய் பெரியது. எதைப் போட்டாலும் விழுங்கும். இதுவும் விழுங்கியது. ஆனால் மூன்று சின்ன பீக்குகளை மட்டும் அதனால் விழுங்க முடியவில்லை.

தலைவர் ஏற்கெனவே மகிழ்ந்து போயிருந்தார். திங்கட்கிழமை நிபுணர் குழு வருகிறது. துறைக்குப் புதிய கருவி தரலாமா என்று பார்க்க வருகிறார்கள். அதற்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். நாங்கள் மூவரும் கருவி அறையில் நின்றோம். வெளியே மஞ்சு ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அந்த மூணும் அழுக்கு. மாதிரியை வைக்கிற தட்டுல இருந்து வருது. அந்த இடத்தை எக்ஸ்க்ளூட் பண்ணிரு" என்றார்.

கலைவாணி நகரவில்லை. "சார், காலைல இருந்த உயரம் மத்தியானம் இல்லைங்க சார். குறையுது. தட்டுல இருந்து வந்தா ஏன் சார் குறையணும்? தட்டு கரையுமா?"

"நீ தட்டைக் கரைச்சாலும் கரைப்பே."

"சார், விளையாட்டு இல்லைங்க. இது உப்புல இருந்துதான் வருது."

நான் குறுக்கே புகுந்தேன். ஜன்னல் ஓரத்து மரத் தட்டில் அதே உப்பு வேறொரு குப்பியில் இருந்தது. அலமாரிக்குள் இடமில்லாமல் வெளியே விட்டது. "அதையும் ஒரு தடவை ஓட்டிடலாமுங்க சார்" என்றேன். அவர் டீ குடிக்கப் போனார். நாங்கள் ஓட்டினோம். அந்த மூன்று பீக்கும் இல்லை. மற்றவற்றிலும் பல காணாமல் போயிருந்தன. மிச்சம் இருந்தவற்றை ஒரு சின்ன, நேர்த்தியான செல் பிசிறில்லாமல் விளக்கியது.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். பல்பின் சூட்டில் உப்பு தன் நீரில் ஒரு பங்கை விட்டிருக்கிறது. குப்பிக்குள் இருந்தது ஒரு உப்பு இல்லை, இரண்டு. நீர் அதிகமுள்ளது ஒன்று, குறைந்தது ஒன்று. ஈர அறையில் கருவி ஓட ஓட, அந்த இரண்டாவது உப்பு காற்றிலிருந்து நீரைத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் உயரம் குறைந்தது. இரண்டு உப்பின் பீக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து, உலகத்தில் இல்லாத மூன்றாவது உப்பு ஒன்றுக்குக் கட்டமைப்பு எழுதிக்கொண்டிருந்தோம். சமவெளியில் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். உப்பை எவன் பல்பின் கீழ் வைக்கிறான்?

தலைவர் திரும்பி வந்தார். இரண்டு படங்களையும் மேசையில் விரித்துக் காட்டினோம். அவர் இரண்டையும் பார்த்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏனுங்க சார், பூஞ்சைக்குப் பயந்து உப்பைச் சுட்டு வெச்சிருக்கோமுங்க" என்றேன்.

அவருக்கு முகம் மாறியது. விஞ்ஞானி முகம் ஒரு நிமிடம் வந்தது. வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆர்வம் வந்தது, அந்த ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் அவர், "திங்கட்கிழமை போனால் போகிறது" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் கை கடிகாரத்தின் மேல் போனது. பிறகு ஜன்னல் ஓரத்துப் படத்தை மடித்து மேசையின் ஒரு மூலைக்குத் தள்ளினார்.

"இது அடுத்த பேப்பர். நல்ல விஷயம், தனியா எழுதலாம். இப்ப இதை முடி."

"சார், இது தப்புன்னு தெரிஞ்சே அனுப்பறதா?"

"தப்புன்னு யார் சொன்னா? பொருத்தம் நல்லா இருக்குதல்ல? எக்ஸ்க்ளூட் பண்ணு கலைவாணி. நான் சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான், "பண்ணாதே" என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "மேடம், உங்க வேலை மெஷினோட நிக்குது" என்றார். அவள் மேற்படிப்பு, உதவித்தொகை, விடுதி, எல்லாம் அவருடைய ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூன்று இடங்களையும் விலக்கினாள். விலக்கியதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுதினாள். இன்ன இன்ன கோணங்கள் விலக்கப்பட்டன, காரணம் இன்னும் தெரியவில்லை என்று. அவ்வளவு நேர்மை அவளுக்கு அந்த நெருக்கடியிலும் இருந்தது. தலைவர் அந்த வாக்கியத்தை அடித்தார். என் பெயரை நன்றி கூறும் இடத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அதை மட்டும் உடனே செய்தார்.

குழு வந்தது. கட்டுரை வெளிவந்தது. கருவியும் வந்தது. இன்று நீங்கள் பயன்படுத்துவது அதுதான்.

சில மாதங்களில் வேறொரு நாட்டின் ஆய்வகம் அதே உப்பைச் செய்து பார்த்தது. அவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சின்ன செல். எங்கள் ஜன்னல் ஓரத்து உப்பு. உங்கள் படத்தில் மூன்று இடம் வெற்றாக இருக்கிறதே, அங்கே என்ன இருந்தது என்று இதழுக்கு எழுதிக் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். "எங்கள் மாதிரி சூட்டில் நீர் இழந்துவிட்டது, தவறு எங்களுடையது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். யாருக்கும் தலை போயிருக்காது. தப்பான கட்டமைப்பு வெளிவருவதும் திருத்தப்படுவதும் இந்தத் துறையில் நடப்பதுதான்.

தலைவர் வேறு விதமாகப் பதில் எழுதினார். மாணவி தனக்குத் தெரியாமல் தரவை நீக்கிவிட்டாள் என்று. கட்டுரையைத் திரும்பப் பெற்றார். இதழின் அறிவிப்பிலும் அப்படியே அச்சாயிற்று: முதல் ஆசிரியர் தரவை மாற்றினார். கட்டுரையில் முதல் பெயர் கலைவாணியுடையது.

விசாரணைக் குழு போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தலைமை தாங்கியவர் என்னைப் பேச விடவில்லை.

"மேடம், மெஷின் சரியா ஓடுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஓடுச்சுங்க. மெஷின் மூணு பீக்கையும் காட்டுச்சு. மறைச்சது மனுஷன்."

"எந்த மனுஷன்னு உங்களைக் கேக்கலையே."

"நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேனுங்க. சொன்னவர் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கார்."

நன்றி, போகலாம் என்றார்கள். குற்றம் சாட்டியவரே குழுவில் ஒருவர். இதைக் கேட்டு உங்களில் யாராவது ஆச்சரியப்பட்டால், நீங்கள் இன்னும் இந்த வேலையில் சேரவில்லை என்று அர்த்தம்.

கலைவாணியின் பதிவை ரத்து செய்தார்கள். தன் பொருள்களை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போகும்போது பல்பு அலமாரியைத் திறந்து, பல்பை அணைத்துவிட்டுப் போனாள்.  

இப்போது கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். வாடிய இலையில் எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்று அளக்கிறாள். படிப்பை விடவில்லை. வேறொரு வழிகாட்டி அவளை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார். பல்கலைக்கழகம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அந்த அறிவிப்பில் இருக்கும் வரியைத் திருத்த வேண்டும். திருத்தும்படி இதழுக்குக் கேட்கக் கூடியவர் கட்டுரைக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர் ஒருவர்தான். அவர் உங்கள் சிறப்பு விருந்தினர். இந்தப் பருவம் முடிவதற்குள் திருத்தவில்லை என்றால் வாய்ப்பு போய்விடும். அவள் எழுதினாள், பதில் இல்லை. நான் எழுதினேன், பதில் இல்லை. பதிலுக்கு வந்தது அந்த மேடைக் கதைதான்.

வரவேற்பு முடிந்த மறுநாள் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். அந்தக் கதையை வேறு யாராவது சொல்லி அவள் கேட்பதைவிட நான் சொல்வது மேல் என்று நினைத்தேன். அவள் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் கொழுந்துக் கறை.

"அவ கிள்ளினதில்ல மேடம்" என்றார். "ஒரு நாளும் அந்தக் காட்டுக்குள்ள நாங்க அவள விடல. நானும் எங்கம்மாவும் கிள்ளினோம். அவ கிள்ளக் கூடாதுன்னுதானே அங்க அனுப்பினோம்."

உள்ளேயிருந்து கலைவாணி கத்தினாள். "அம்மா, சும்மா இரு. மேடம், நல்லாக் கிள்ளத் தெரிஞ்சவ ரெண்டு இலையும் ஒரு மொட்டும்தான் எடுப்பா. கூடைல போடத்தான் கிள்ளுவா, தூக்கி எறிய இல்ல. சாருக்கு அதுவும் தெரியல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. ஒரு பொடி கைக்கு வந்தால், அது என்ன என்று கேட்பதற்கு முன்னால், நேற்று எங்கே இருந்தது என்று கேளுங்கள். மலைக்குக் கீழே பர்லியார்ச் சூட்டில் வைத்தால் ஒன்று, இங்கே வைத்தால் ஒன்று, பல்பின் கீழ் வைத்தால் வேறொன்று. ஒரு இடத்தை விலக்கினால் விலக்கினேன் என்று எழுதுங்கள். உங்களை எழுத விடாதவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் உங்களைப் பாதுகாக்கவில்லை, தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறார். திங்கட்கிழமைகள் வரும், போகும். குழுக்களும் வரும், போகும். அச்சான வரி மட்டும் போகாது.

தப்பு நடந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. நீரை விடுவதும் குடிப்பதும் உப்பின் குணம். பல்பு எரிய விடுவது இந்த ஊரின் வழக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் எல்லோருக்கும் நடந்த விபத்து. அந்த விபத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்டியது விபத்து இல்லை.

இனி உங்களுக்குச் சொல்கிறேன், சார். இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்க வருகிறீர்கள். அதே அரங்கம், அதே மைக். நானும் வருகிறேன். கலைவாணியும் அவள் அம்மாவும் வருகிறார்கள். முன் வரிசையில் உட்காருவோம், போண்டா ஆறினாலும் எழுந்திருக்க மாட்டோம்.

இரண்டு படங்களும் உங்கள் முன்னால் விரித்திருந்தபோது, அந்த மூன்று பீக்கையும் விலக்கச் சொன்னது யார்? பதில் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அதனால் எங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். உங்கள் கதையைக் கேட்டுச் சிரித்த இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, மைக்கில், பெயரோடு சொல்லுங்கள்.